கண்ணுக்கு விடும் மருந்தும் அப்பாவின் முட்டும்: கிளோக்கோமா பற்றிச் சில கேள்விகள்

உப்புவெளி மகள்

அனைவருக்கும் வணக்கம். எழுபது வயதைக் கடந்த என் தந்தைக்குக் கண் அமுக்கம் கூடியிருப்பதாகவும், அது பார்வை நரம்பைத் தாக்கத் தொடங்கியிருப்பதாகவும், இந்நோயின் பெயர் கிளோக்கோமா என்றும் கண் கிளினிக்கில் கூறி, இரண்டு மருந்துகள் தந்திருக்கிறார்கள். லட்டானோபுரொஸ்ட் இரவில் ஒரு தடவை, டிமொலோல் 0.5 வீதம் காலையும் மாலையும். இரண்டு கண்களுக்கும் விட வேண்டும்.

டிமொலோல் தொடங்கிய பின்னர், இளமையில் அவருக்கு இருந்து நின்றுபோன முட்டு வருத்தம் (ஆஸ்துமா) மீண்டும் தலைகாட்டுகிறது. படி ஏறினால் இளைப்பு. இரவில் படுத்தால் நெஞ்சில் விசிலடிப்பது போன்ற சத்தம். இதற்காக வேறொரு வைத்தியரிடம் போனபோது, "என்னென்ன குளிசை பாவிக்கிறீர்கள்?" என்று கேட்டார். அப்பா பிரஷருக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் எடுக்கும் குளிசைகளைச் சொன்னார். கண் மருந்து குளிசை அல்லவே என்று அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். கண்ணில் விடும் ஒரு துளி நெஞ்சைப் பாதிக்குமா என்பதே என் முதற்கேள்வி.

மருந்தைப் பிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று தம்பி சொல்கிறான், வைக்கக்கூடாது என்று பக்கத்து வீட்டு மாமி சொல்கிறார், எது சரி? அத்துடன், அப்பா ஒரு தடவைக்கு இரண்டு மூன்று துளி விடுகிறார், பாதி கன்னத்தில் வழிகிறது, அடுத்த கிளினிக் திகதிக்கு முன்னரே போத்தல் முடிந்துவிடுகிறது. இதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

ஓய்வுநிலைத் தாதி

மகள், அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிமொலோல் என்பது பீட்டா தடுப்பான் வகை மருந்து, நாடித்துடிப்பைக் குறைக்கக்கூடியது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், முன்னர் இருந்தவர்களுக்கும், நாட்பட்ட சுவாசக்குழாய் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கும் அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடக்கூடியது. நாடித்துடிப்பு இயல்பாகவே குறைந்தவர்களுக்கும் இதயத்தில் மின்கடத்தல் தடை உள்ளவர்களுக்கும் அதை விடுவதில்லை. ஆகவே இன்று மாலைத் துளியை விடுவதற்கு முன்னரே, இரண்டு போத்தல்களையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு அப்பாவை வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ ஆட்டோ தேட வேண்டாம், 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். லட்டானோபுரொஸ்டை மட்டும் நிறுத்த வேண்டாம். அது வேறு வகை, இரவில் வழமைபோல் தொடரட்டும்.

ஒரு துளி எப்படி நெஞ்சுக்குப் போகிறது என்றால், கண்ணின் உள்மூலையில், மூக்கை ஒட்டிய இடத்தில், மேல் இமையிலும் கீழ் இமையிலும் ஊசிமுனை அளவில் கண்ணீர் வடிகின்ற துவாரங்கள் உள்ளன. நாம் அழும்போது மூக்கு ஒழுகுவது அந்த வழியால்தான். கண்ணில் விட்ட மருந்தில் பெரும்பகுதி அதே வழியாக மூக்கினுள் இறங்கி, அங்குள்ள மென்சவ்வினால் உறிஞ்சப்பட்டு நேரே இரத்தத்தில் சேர்கிறது. குளிசையாக விழுங்கியிருந்தால் ஈரல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்திருக்கும். மூக்கு வழியாகப் போவது அந்தச் சோதனைச் சாவடியைக் கடக்காமலே போய்விடுகிறது. கண் மருந்தை "வெளிமருந்து" என்று எண்ணுவதால்தான் நம்மவர்கள் மற்ற வைத்தியர்களிடம் அதைச் சொல்வதில்லை. வைத்தியர்களும் எல்லா நேரமும் துருவிக் கேட்பதில்லை. பல் பிடுங்கப் போனாலும், சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் முன்னரும், பிரஷர் கிளினிக்கிலும் போத்தலைக் கையோடு காட்ட வேண்டும். பிரஷருக்கு வெரபாமில் எடுப்பவருக்கு டிமொலோலும் சேர்ந்தால் நாடித்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். சலரோகக்காரருக்குச் சீனி இறங்கும்போது நெஞ்சு படபடப்பதே முதல் எச்சரிக்கை. அந்தப் படபடப்பையும் இது மறைத்துவிடும்.

இனி மருந்து விடும் முறை. கண் வார்ட்டில் வேலை செய்த காலத்தில், வருடக்கணக்காக மருந்து விட்டவர்களிடம் "எனக்கு முன்னால் ஒருக்கால் விட்டுக் காட்டுங்கள்" என்று கேட்பேன். துளி இமையில் விழும், புருவத்தில் விழும், சிலருக்குக் கன்னத்திலேயே விழும். போத்தலின் வாயைக் கண்மணியில் முட்டிக்கொண்டு விடுபவர்களும் உண்டு. ஒருவர் கூட அதுவரை யாரும் தம்மை விடச் சொல்லிப் பார்த்ததாகச் சொன்னதில்லை.

அப்பாவைக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். பிறகு தலையணையில் மல்லாந்து படுக்கட்டும். நிமிர்ந்து நின்று அண்ணாந்து பார்ப்பதைவிட முதியவர்களுக்கு இது எளிது. ஒரு கைவிரலால் கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்தால் சிறு பை போல ஓர் இடம் தெரியும். போத்தல் பிடித்த கையின் மணிக்கட்டை நெற்றியில் அல்லது இழுத்த கையின் மேல் ஊன்றினால் நடுக்கம் குறையும். மேலே பார்த்தபடி, போத்தலின் முனை இமையிலோ மயிரிலோ படாமல், அந்தப் பைக்குள் ஒரே ஒரு துளி. உடனே கண்ணை மெல்ல மூட வேண்டும். இறுக்கிப் பொத்தவும் கூடாது, பலமுறை சிமிட்டவும் கூடாது. இரண்டும் மருந்தைப் பம்பு அடித்து வெளியேற்றிவிடும். மூடியபடியே, சுட்டுவிரல் நுனியால் கண்ணின் உள்மூலையை மூக்கெலும்போடு சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். குறைந்தது 2 நிமிடம். டிமொலோல் போன்றவற்றுக்கு 5 நிமிடம் பிடிப்பது நல்லது. மூக்கின் பக்கவாட்டைத் தடவுவது போதாது. விரல் நுனிக்குக் கீழே எலும்பு தட்டுப்பட வேண்டும். தொண்டையில் கசப்புத் தெரிந்தால் பிடி சரியில்லை என்று பொருள்.

இரண்டு மருந்துகள் ஒரே நேரத்தில் வந்தால் இடையில் 5 நிமிடமாவது விடுங்கள். உடனே விட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். களிம்பு இருந்தால் அதைக் கடைசியாக இடுங்கள்.

மருந்தாளர், திருமலை நகர்

தாதியம்மா சொன்ன "ஒரே ஒரு துளி" என்பதற்குக் கணக்கு ஒன்று உண்டு. போத்தலிலிருந்து விழும் ஒரு துளி ஏறத்தாழ 25 முதல் 50 மைக்ரோலீற்றர். கண்ணின் மேற்பரப்பு, வழியாமல் தாங்கக்கூடியது ஏறத்தாழ 30 தான். எனவே முதல் துளியிலேயே கண் நிரம்பிவிடுகிறது. இரண்டாவது துளியின் இடம் கன்னமும் மூக்கும்தான். பலன் கூடாது, பக்கவிளைவு கூடும், காசும் கரையும். 2.5 மில்லிலீற்றர் லட்டானோபுரொஸ்ட் போத்தலில் சுமார் 80 துளிகள் இருக்கும். இரு கண்களுக்கும் இரவில் ஒவ்வொன்றாக விட்டால் 4 கிழமைக்கு 56 தேவை. தவறி வெளியே விழுவதற்கும் இடம் வைத்துத்தான் நிரப்பியிருக்கிறார்கள். துளி சரியாக விழுந்தது தெரியாவிட்டால் மட்டும் இன்னொன்று விடலாம்.

பிரிட்ஜ் பற்றிய உங்கள் தம்பிக்கும் மாமிக்கும் இடையிலான வழக்கில் இருவருமே பாதி சரி. திறக்காத லட்டானோபுரொஸ்ட் போத்தலை, பெரும்பாலான தயாரிப்புகளில், 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். திறந்த பிறகு 25 பாகைக்கு மேற்படாத அறை வெப்பத்தில், தயாரிப்பைப் பொறுத்து 4 முதல் 6 கிழமை வைத்திருக்கலாம் என்று பெட்டியில் எழுதியிருக்கும். 25 பாகை அறை என்பது நுவரெலியாவுக்குப் பொருந்தும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் உப்புவெளியில் ஓட்டுக்குக் கீழே 25 பாகையை எங்கே தேடுவது? ஆகவே நம் ஊரில் திறந்த போத்தலையும் பிரிட்ஜின் நடுத்தட்டில் வைக்கும்படியே நான் சொல்வேன். உறைபெட்டிக்கு அருகில் வேண்டாம், உறைந்தால் மருந்து பழுது. குளிரூட்டல் தேவைப்படாத தயாரிப்புகளும் இப்போது உண்டு. டிமொலோலுக்குப் பிரிட்ஜ் தேவையில்லை. வெயிலும் வெளிச்சமும் படாத அலுமாரி போதும். சாமிப்படத்தின் முன்னால் உள்ள தட்டு, மோட்டார் சைக்கிளின் இருக்கைக்குக் கீழ்ப்பெட்டி, யன்னல் ஓரம் ஆகிய மூன்றும் நம்மவர்கள் மருந்து வைக்கும் இடங்கள், மூன்றும் ஆகாது.

2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது பலர் இதே கேள்வியோடு வந்தார்கள். சில மணித்தியால மின்வெட்டுக்காகப் போத்தலை எறிய வேண்டியதில்லை. பிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் உள்ளே குளிர் நிற்கும்.

திறந்த திகதியைப் போத்தலில் பேனையால் எழுதுங்கள். பெட்டியில் வேறு காலம் எழுதியிருந்தாலன்றி, பொதுவாக 28 நாளில் வீச வேண்டும், மிச்சம் இருந்தாலும். பெட்டியில் அச்சிட்ட காலாவதித் திகதி, மூடியைத் திறக்காத போத்தலுக்கு உரியது. அத்துடன் மூடியின் நிறத்தை நம்பி மருந்தை அடையாளம் காணாதீர்கள். கம்பனி மாறினால் நிறமும் மாறும். மருந்துத் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரே மருந்து மூன்று வடிவப் போத்தலில் வந்ததும், வேறு மருந்து பழைய மருந்தின் அதே வடிவத்தில் வந்ததும் உண்டு. பெயரை வாசியுங்கள், எழுத்துச் சிறிதென்றால் பாமசியில் பெரிதாக எழுதி ஒட்டித்தரச் சொல்லுங்கள். காது மருந்தையும், அதே அளவு போத்தலில் வரும் ஒட்டுப்பசையையும் கண் மருந்துக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

தம்பலகாமத்தான்

நானும் இந்த நோய்க்காரன்தான். ஒரு வருடம் மருந்து விட்டேன், பார்வையில் ஒரு முன்னேற்றமும் இல்லை. கண் சிவந்ததும் எரிந்ததும்தான் மிச்சம். போன கிளினிக்கில் அமுக்கம் 16 என்றார்கள், நல்லது என்றார்கள். நல்லதென்றால் பிறகு எதற்கு மருந்து என்று நிறுத்திவிட்டேன். எங்கள் பாட்டி நந்தியாவட்டைப் பூச்சாறு விட்டே எண்பது வயது வரை ஊசியில் நூல் கோத்தவர். இந்தப் போத்தல்களை நம்பி நெஞ்சு வருத்தத்தை வாங்குவதைவிட அது மேல் என்பது என் கருத்து.

ஓய்வுநிலைத் தாதி

ஐயா, நீங்கள் சொன்ன மூன்றையும் கிளினிக் வாங்கில் இருப்பவர்களில் பாதிப்பேர் மனதில் வைத்திருக்கிறார்கள், வைத்தியரிடம்தான் சொல்வதில்லை. நீங்கள் எழுதியது நல்லதாயிற்று.

இந்த மருந்து பார்வையைக் கூட்டுவதற்கு அல்ல. பார்வை நரம்பில் அழிந்த இழைகள் திரும்ப முளைப்பதில்லை. இருப்பதைக் காப்பது மட்டுமே மருந்தின் வேலை. அதனால் சரியாக வேலை செய்யும்போது நோயாளிக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. நோயும் அப்படியே. வலியில்லாமல், பெரும்பாலும் ஓரப்பார்வையிலிருந்து தின்று வரும். நடுப்பார்வை தெளிவாக இருப்பதால் பத்திரிகை வாசிப்பார், ஆனால் பக்கத்தில் வரும் சைக்கிள் தெரியாது. வெண்புரையை எடுத்துவிட்டு வில்லை வைத்தால் பார்வை திரும்பும். இதில் போனது போனதுதான்.

16 என்பது மருந்து விட்டபோது வந்த எண். நிறுத்திய பின் எத்தனை என்று அளந்தீர்களா? வழமையாக 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம் வரை சாதாரணம் என்பார்கள். ஆனால் 21க்குக் கீழே இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு. உங்கள் நரம்பு தாங்கும் எண் எது என்பதை, காட்சிப்புலப் பரிசோதனையையும் (ஓரப்பார்வை எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பது) நரம்பின் நிலையையும் வைத்து வைத்தியர்தான் தீர்மானிப்பார். இன்னொரு வேடிக்கை, கிளினிக் போகும் நாளுக்கு முந்திய கிழமை மட்டும் ஒழுங்காக விடுகிறவர்கள். எண் நன்றாக வரும், வைத்தியர் மருந்து போதும் என்று எழுதுவார், நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டே போகும். விடாத நாட்களை விடவில்லை என்றே சொல்ல வேண்டும்.

சிவப்பும் எரிவும் உண்மையான தொல்லைதான். அது மருந்தினாலோ, பல போத்தல்களில் சேர்க்கப்படும் பென்சல்கோனியம் குளோரைட் என்ற பாதுகாப்புப் பொருளினாலோ வரலாம். அப்பொருள் இல்லாத தயாரிப்புகளும் வேறு வகை மருந்துகளும் உண்டு. லேசர் சிகிச்சையும் சத்திரசிகிச்சையும் கூட உண்டு. எரிகிறது என்று சொன்னால் மாற்ற வழியிருக்கிறது, சொல்லாமல் நிறுத்தினால் வழியில்லை.

நந்தியாவட்டை விடயத்தில் உங்கள் பாட்டியின் கண்ணை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்குக் கிளோக்கோமா இருந்ததா என்பதுதான் கேள்வி. பூச்சாறு, தேன், தாய்ப்பால் எதுவானாலும் கிருமி நீக்கப்படாத ஒன்றைக் கண்ணில் விட்டு, கருவிழியில் புண் வந்து வார்ட்டில் படுத்தவர்களுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன். அவற்றால் கண்ணின் உள் அமுக்கம் குறையாது. இந்தக் கிழமையே போய் அமுக்கத்தை அளந்து பாருங்கள், ஐயா.

கிண்ணியா வாசகர்

அஸ்ஸலாமு அலைக்கும். என் உம்மாவுக்கும் இதே இரண்டு மருந்துகள்தான். நோன்பு மாதம் வந்தால் பகலில் கண்ணுக்கு மருந்து விட மறுத்துவிடுகிறார். தொண்டையில் கசக்கிறது, நோன்பு முறிந்துவிடும் என்கிறார். சென்ற ரமழான் முழுவதும் காலைத் துளி விடுபட்டது. வேறு யாருக்கேனும் இந்த அனுபவம் உண்டா?

மருந்தாளர், திருமலை நகர்

வஅலைக்கும் ஸலாம், சகோதரரே. மார்க்கத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகடமி, தொண்டைக்கு வருவதை விழுங்காமல் தவிர்த்தால் கண் துளி நோன்பை முறிக்காது என்று முடிவெடுத்திருக்கிறது. உம்மாவின் மனம் ஆறுதலடைய உங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டு, அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள்.

அதற்கும் அப்பால் நேரத்தை மாற்றியும் பார்க்கலாம். லட்டானோபுரொஸ்ட் இரவு மருந்து, அதில் சிக்கலே இல்லை. டிமொலோலை சஹருக்கு (விடியுமுன் உணவுக்கு) எழும்பும்போது ஒரு தடவை, மஃரிபுக்குப் (மாலைத் தொழுகைக்குப்) பின் ஒரு தடவை விட்டால் இடைவெளி ஏறத்தாழ சரியாகவே வரும். நாளுக்கு மூன்று தடவை விடும் மருந்துகளுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு ரமழானுக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டு, ஒரு தடவை அல்லது இரண்டு தடவை விடும் மருந்தாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். உள்மூலையை அழுத்திப் பிடித்தால் கசப்பு தொண்டைக்கு வருவதும் பெரும்பாலும் நின்றுவிடும்.

கொட்டியாரக்குடா

நான் மூதூர்ப் பக்கம் கடற்றொழில் செய்பவன். இரவு பத்து மணிக்கு விடச் சொன்ன மருந்து. அந்த நேரம் நான் வள்ளத்தில், கையில் வலையும் மீன் செதிலும். கரைக்கு வந்து விடிய விட்டால் பிழையா? இரண்டாவதாகத் தந்த பிரிமொனிடின் விட்டால் கண் சொருகிக்கொண்டு வருகிறது, அதற்கு என்ன செய்வது?

ஓய்வுநிலைத் தாதி

தம்பி, அந்தக் கையோடு கண்ணைத் தொட வேண்டாம். லட்டானோபுரொஸ்டைப் பொறுத்தவரை 24 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, தினமும் ஒரே நேரம் என்பதே முக்கியம். கடலுக்குப் போகும் முன் மாலை ஆறு மணி என்று வைத்தாலும், திரும்பி வந்து குளித்தபின் காலை என்று வைத்தாலும், வைத்தியரிடம் சொல்லிவிட்டு அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாக விட வேண்டாம். நாளுக்கு ஒன்றுக்கு மேல் விட்டால் அந்த மருந்தின் பலன் குறையும்.

பிரிமொனிடின் சிலருக்கு உறக்கத்தையும் வாய் உலர்வையும் தரும். இரவுக் கடலில் அது விளையாட்டல்ல. நீங்கள் செய்யும் தொழிலைக் கண் வைத்தியரிடம் சொல்லியிருக்கிறீர்களா? சொன்னால் வேறு மருந்து எழுத வாய்ப்புண்டு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தப் போத்தலைக் கையெட்டாத உயரத்தில் வையுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது மூச்சையே மந்தமாக்கிவிடும்.

உப்புவெளி மகள்

அன்றே அப்பாவை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றோம். நெஞ்சைச் சோதித்துவிட்டு டிமொலோலை உடனே நிறுத்தி, முட்டுக்குப் பம்பு தந்து, கண் கிளினிக்குக்கும் எழுதித் தந்தார்கள். அங்கே டோர்சோலமைட் என்ற வேறு மருந்து எழுதியிருக்கிறார்கள். சல்பா மருந்து ஒவ்வாமை உண்டா என்று முதலில் கேட்டார்கள், அப்பாவுக்கு அது இல்லை. விசில் சத்தம் குறைந்துவிட்டது. படுத்து, மணிக்கட்டை நெற்றியில் ஊன்றி விடும் முறை அவருக்குப் பிடித்துப்போயிற்று. உள்மூலையை அழுத்தும் நேரத்தைக் கந்தசஷ்டி கவசத்தின் முதல் வரிகளைச் சொல்லி அளக்கிறார். நடுக்கம் கூடிய நாளில் விட முடியாவிட்டால் என்ன செய்வது என்பது ஒன்று மிச்சம்.

இன்னொன்று, அக்காவின் மகனுக்குக் கச்சான் காற்றின் தூசியில் கண் கடிக்கும் போதெல்லாம், எப்போதோ வாங்கிய ஒரு டெக்ஸாமெதசோன் போத்தலை மீண்டும் மீண்டும் வாங்கி விடுகிறார்கள். விட்டதும் சுகமாகிவிடுகிறதாம். தாத்தாவுக்குக் கிளோக்கோமா என்பதால் இதையும் கேட்கிறேன்.

ஓய்வுநிலைத் தாதி

நடுக்கமான நாளில் கண்ணை மூடிப் படுக்கட்டும். கழுவித் துடைத்த உள்மூலையில் ஒரு துளியை விட்டு, பிறகு கண்ணைத் திறந்தால் அது உள்ளே வழியும். மற்றபடி நீங்கள் விட்டுவிடுவது இன்னும் நல்லது.

மருந்தாளர், திருமலை நகர்

சகோதரி, டெக்ஸாமெதசோன் ஸ்டீரொய்ட் வகை. தொடர்ந்து விட்டால் சிலருக்குக் கண் அமுக்கம் சத்தமில்லாமல் ஏறும். பிள்ளைகளில் அது வேகமாகவும் ஏறலாம், வெண்புரையும் வரலாம். கடி நின்றுவிடுவதால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். குடும்பத்தில் கிளோக்கோமா இருப்பவர்களுக்கு இந்த ஏற்றம் வரும் வாய்ப்பு அதிகம். வைத்தியரின் மருந்துத் துண்டு இல்லாமல் அதைக் கேட்டு வருபவர்களை நான் திருப்பி அனுப்புவேன். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார்கள். அந்தப் போத்தலோடு பிள்ளையைக் கண் வைத்தியரிடம் காட்டி, அமுக்கத்தை அளக்கச் சொல்லுங்கள். தூசிக் கடிக்கு ஸ்டீரொய்ட் இல்லாத ஒவ்வாமைத் துளிகள் இருக்கின்றன. நீங்களும் தம்பியும் அக்காவும் அதே நாளில் உங்கள் கண்களையும் காட்டிவிடலாம். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு என்பதால், நாற்பது தாண்டியவர்கள் அறிகுறிக்குக் காத்திருக்கக்கூடாது.